பழ ஐஸ்கிறீம் சான்ட்விச் பிழைத்துப்போனால்: குறி பார்த்துத் திருத்தும் வழிமுறை

வைகாசியில் சோளகம் வீசத் தொடங்கியதும் வன்னியில் வெயிற்காலமும் பழக்காலமும் ஒன்றாகவே வந்துவிடுகின்றன. முற்றத்து மாமரத்தில் கறுத்தக்கொழும்பான் பழுக்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் காட்டோரத்துப் பாலைப்பழம் வாளியில் வீட்டுக்கு வருகிறது. நிழலிலே நின்றாலும் வெப்பம் 35 பாகையை எட்டுகிறது. எங்கள் வீட்டில் இந்த நாட்களில் பழக்கூழும் எருமைப்பாலும் சேர்த்து ஐஸ்கிறீம் உறையவைத்து, அதை இரண்டு பிஸ்கற்றுகளுக்கு நடுவே வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது சில ஆண்டுகளாக வழக்கமாகியிருக்கிறது. இதில் நேரக்கூடிய பிழைகளில் பெரும்பாலானவற்றை நானும் செய்திருக்கிறேன். அவற்றை ஒவ்வொன்றாகத் திருத்திப் பார்த்தபோது, பெரும்பாலும் காரணம் ஒன்றாகவே இருந்தது: பழத்துக்குள் இருக்கும் தண்ணீரை நாம் கணக்கில் எடுப்பதில்லை. மாம்பழத்தில் நூற்றுக்கு 83 வீதமளவும், அன்னாசியில் 86 வீதமளவும், வத்தகப்பழத்தில் 90 வீதத்துக்கு மேலும் தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் உறைந்தால் பனிக்கட்டியாகிறது. உறையாமல் கசிந்தால் பிஸ்கற்றை ஊறவைக்கிறது. கீழே வரும் குறிகளைப் படிக்கும்போது இதை மனத்தில் வைத்திருந்தால் காரணம் எளிதில் பிடிபடும்.

குறிகளுக்குப் போகுமுன் நான் செய்யும் அளவைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் திருத்தங்கள் எல்லாம் இந்த அளவையொட்டியே வருகின்றன. ஒரு லீற்றர் எருமைப்பாலை அடிப்பிடிக்காமல் கிளறி அரை லீற்றராக வற்றக் காய்ச்ச வேண்டும். அடுப்பிலிருந்து இறக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது 130 கிராம் சீனி, ஒரு சிட்டிகை உப்பு, சிறிதளவு குளிர்ந்த பாலில் கரைத்த இரண்டு மேசைக்கரண்டி கோன்பிளவர் மா ஆகியவற்றைச் சேர்த்து, கரண்டியின் முதுகில் ஒட்டும் பதத்துக்கு வந்ததும் இறக்கி, ஆறிய பின் குளிர்சாதனப் பெட்டியில் ஓர் இரவு வைக்க வேண்டும். மறுநாள், தனியே வற்றக் காய்ச்சிக் குளிரவைத்த ஒரு கோப்பை பழக்கூழைக் கலந்து, அகன்ற அலுமினியத் தட்டில் இரண்டு சென்ரிமீற்றர் உயரத்துக்கு ஊற்றி பிறீசரில் வைக்க வேண்டும். எருமைப்பாலில் கொழுப்பு நூற்றுக்கு 7 வீதமளவு இருப்பதால், வற்றிய பின் தனியாகக் கிறீம் தேவைப்படுவதில்லை. பசுப்பாலில் கொழுப்பு அதில் பாதியை அடுத்தே இருப்பதால், பசுப்பால் மட்டும் கிடைப்பவர்கள் வற்றிய பாலுடன் அரைக் கோப்பை கிறீம் சேர்ப்பது நல்லது. ரின்பாலையும் (ரின்னில் வரும், சீனி சேர்த்துத் தடிப்பாக்கிய பால்) அடித்த கிறீமையும் கலந்து காய்ச்சாமலே செய்யும் முறையும் உண்டு. அதில் வரும் பிழைகளையும் இடையிடையே சொல்கிறேன்.

வாயில் நெருநெருவென்று தட்டுப்படுகிறது

அதிகம் கேட்கப்படும் குறை இதுதான். ஆனால் நெருநெருப்பு மூன்று வகைப்படும் என்பதையும், ஒவ்வொன்றுக்கும் திருத்தம் வேறு என்பதையும் பலர் கவனிப்பதில்லை. ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்து, கடிக்காமல் பத்து வினாடி பொறுத்துப் பாருங்கள். மணிகள் உடனே கரைந்து தண்ணீராகிவிட்டால் அவை பனிக்கட்டி. கரையாமல் மெல்லிய மணல்போலக் கடைசிவரை நின்றால், அது பாலிலுள்ள சீனியான லக்ரோஸ் படிகமாகியதால் வந்தது. பால்மாவை அளவுக்கு மீறிக் கொட்டியவர்களுக்கும், பாலை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வற்றவிட்டவர்களுக்கும் இது நேரும். மேலண்ணத்தில் மெழுகு பூசியதுபோல ஒட்டிக்கொண்டால் அவை வெண்ணெய்த் துணிக்கைகள். கிறீமை மிகையாக அடித்ததனால், அல்லது நம் ஊர் வெப்பத்தில் குளிராத கிண்ணத்தில் அடித்ததனால் கொழுப்புத் திரண்டுவிட்டது. மணலுக்குத் திருத்தம் பால்மாவைக் குறைப்பது. வெண்ணெய்க்குத் திருத்தம், கிண்ணத்தையும் அடிகருவியையும் அரை மணிநேரம் பிறீசரில் வைத்த பிறகு விடியற்காலைக் குளிரில் அடித்து, கிறீம் மெதுவாகச் சாயும் முனையாக நிற்கும்போதே நிறுத்துவது.

பனிக்கட்டிக்குத்தான் நீண்ட விளக்கம் வேண்டும். முதற்காரணம் பழக்கூழை வற்றவைக்காதது. மாம்பழக் கூழ் அரைக் கிலோவை அகன்ற தாச்சியில் மெல்லிய தீயில் கிளறினால் இருபது நிமிடமளவில் அது 300 கிராமாகச் சுருங்கும். நிறை பார்க்கத் தராசு இல்லாவிட்டால், மரக்கரண்டியால் தாச்சியின் அடியில் நேராக ஒரு கோடு இழுங்கள். கோடு உடனே மூடிக்கொண்டால் இன்னும் தண்ணீர் இருக்கிறது. இரண்டு மூன்று வினாடி தாச்சியின் அடி தெரிந்து, பிறகு கூழ் இரு பக்கமும் சோம்பலாக வந்து சேர்ந்தால் பதம் சரி. அந்த வேளையில் குமிழிகளும் சிறியனவாக இல்லாமல், பெரியனவாகி «பொக்» என்று வெடிக்கத் தொடங்கும். கைக்குத் துணி சுற்றிக்கொள்ளுங்கள், சூடான பழக்கூழ் தெறித்தால் ஒட்டிக்கொண்டு சுடும்.

பாலைப்பழத்துக்கு இன்னொரு வேலை இருக்கிறது. அதன் பால் உதட்டில் ஒட்டுவதை இங்குள்ள பிள்ளைகள் எல்லோரும் அறிவார்கள். பாத்திரத்திலும் அப்படியே ஒட்டும். நன்கு கனிந்து தோல் சுருங்கத் தொடங்கிய பழங்களாகத் தெரிந்தெடுத்து, வடிதட்டிலும் கரண்டியிலும் தேங்காயெண்ணெய் மெல்லிதாகத் தடவிக்கொண்டு, கையால் பிசைந்து விதையையும் தோலையும் நீக்கிய பின் வடிதட்டில் தேய்த்து எடுக்க வேண்டும். தட்டில் இழையிழையாகத் தங்கும் பிசினைத் திரும்பவும் கூழில் சேர்க்காதீர்கள்; உறைந்த பின் அது சவ்வுபோலப் பல்லில் இழுபடும். பாலைப்பழம் ஏற்கெனவே இனிப்பு மிகுந்தது என்பதால் சீனியை 100 கிராமாகக் குறைக்கலாம். என் கணிப்பில் எருமைப்பாலுக்கு இதைவிடப் பொருத்தமான பழம் வேறு இல்லை, கறுத்தக்கொழும்பானும் இதற்கு அடுத்ததுதான்.

பனிக்கட்டிக்கு இரண்டாம் காரணம், மெதுவாக உறைவது. உறைதல் மெதுவாக நடந்தால் படிகங்கள் பெரிதாக வளர்கின்றன, விரைவாக நடந்தால் நாக்குக்குத் தெரியாத அளவில் நின்றுவிடுகின்றன. இளஞ்சூட்டுக் கலவையை ஆழமான பிளாஸ்ரிக் பெட்டியில் ஊற்றி வைத்தால் நடுப்பகுதி உறைய ஓர் இரவு முழுதும் ஆகலாம். அதே கலவை முன்கூட்டியே குளிர்ந்து, தாழ்ந்த அலுமினியத் தட்டில் இருந்தால் சில மணிநேரத்தில் இறுகிவிடும். ஐஸ்கிறீம் கடையும் இயந்திரம் இல்லாத வீடுகளில், ஓரங்கள் உறையத் தொடங்கியதும் தட்டை வெளியே எடுத்து முள்ளுக்கரண்டியால் நன்றாக அடித்துக் கலக்கி, முக்கால் மணிநேரத்துக்கு ஒரு முறையாக மூன்று முறை செய்தால் படிகம் உடைந்து காற்றும் ஏறும். ஏற்கெனவே பனிக்கட்டியாகிவிட்ட ஐஸ்கிறீமையும் எறிய வேண்டியதில்லை: துண்டுகளாக வெட்டி மிக்சியில் நிறுத்தி நிறுத்தி அடித்து, உருக விடாமல் உடனே தட்டில் பரப்பினால் பெரும்பகுதி சீராகிவிடும்.

வத்தகப்பழத்தைப் பற்றித் தனியே கேட்கிறார்கள், ஏனெனில் கோடையில் தோட்டத்துப் பழம் மலிவாகக் கிடைக்கிறது. அதன் சாற்றை ஐந்தில் ஒன்றாக வற்றவைத்தாலன்றிப் பனிக்கட்டி குறையாது. அப்படி வற்றவைத்தால் பழத்தின் பச்சை மணம் போய்ப் பூசணியின் மணம் வருகிறது. அதனால் வத்தகப்பழத்தை வெட்டி அப்படியே சாப்பிடுங்கள், சான்ட்விச்சுக்கு வேறு பழத்தை எடுங்கள்.

ஒரு நாள் வைத்தும் இறுகவில்லை, தட்டிலிருந்து வெட்டினால் வழிகிறது

பிழை கலவையிலா பிறீசரிலா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். அதற்கு எளிய சோதனை ஒன்று இருக்கிறது. கடையில் வாங்கிய சிறிய ஐஸ்கிறீம் கோப்பை ஒன்றை உங்கள் தட்டுக்குப் பக்கத்தில் ஓர் இரவு வையுங்கள். காலையில் அதுவும் கரண்டிக்கு இலகுவாக இடங்கொடுத்தால் பிறீசரின் குளிர் போதாது. அது கல்போல இருக்க உங்களுடையது மட்டும் இளகியிருந்தால் கலவையில் சீனி மிகை. சீனி தண்ணீரின் உறைநிலையைக் கீழே இறக்குவதே காரணம்; ரின்பாலில் ஏறத்தாழப் பாதி சீனி என்பதால், ரின்பால் முறையில் செய்து மேலும் சீனி சேர்த்தவர்களுக்கும், தேன் ஊற்றியவர்களுக்கும் இது நிச்சயமாக நேரும். கலவையை உருக்கி இன்னும் ஒரு கோப்பை வற்றிய, சீனி சேர்க்காத பாலைக் கலந்து திரும்பவும் குளிரவைத்து உறையவிடலாம். உருக்கியதிலிருந்து குளிர்சாதனப் பெட்டியை விட்டு வெளியே நீண்ட நேரம் வைக்காமலிருக்க வேண்டும்.

பிறீசர்தான் காரணமென்றால், ஒற்றைக் கதவுப் பெட்டிகளின் மேற்புறத்துச் சிறு பனி அறை, ஐஸ்கிறீமுக்கு வேண்டிய சுழியத்துக்குக் கீழ் 18 பாகையை எட்டுவது அரிது என்பதை ஏற்றுக்கொண்டு செயற்பட வேண்டும். சுவரில் விரல் தடிப்புக்குப் பனி படிந்திருந்தால் அணைத்து உருகவிட்டுத் துடையுங்கள், அந்தப் பனி குளிரை உள்ளே வரவிடாமல் போர்வைபோலத் தடுக்கிறது. அன்றைக்குத் தண்ணீர்ப் போத்தல்களை அங்கே அடுக்காதீர்கள். சீனியில் நாலில் ஒரு பங்கைக் குறையுங்கள். அப்படியும் இறுகாவிட்டால் உப்பையும் பனிக்கட்டியையும் நம்பலாம்: மூன்று பங்கு நொறுக்கிய பனிக்கட்டிக்கு ஒரு பங்கு கல்லுப்பு என்ற நிறைக் கணக்கில் கலந்தால், கலவையின் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழ் 15 பாகைக்கும் அப்பால் இறங்குகிறது. ஆனையிறவுக் கல்லுப்பு கையெட்டும் தூரத்தில் கிடைக்கும் நமக்கு இது செலவில்லாத வழி. மீன் வைக்கும் ரெஜிபோம் (வெப்பம் புகாத வெள்ளை நுரைப் பிளாஸ்ரிக்) பெட்டியைப் போல ஒரு பெட்டியைப் புதிதாக இதற்கென்றே வாங்கி, மூடி இறுகிய அலுமினியப் பாத்திரத்தில் ஐஸ்கிறீமை வைத்து, சுற்றிலும் மேலும் கீழும் உப்புப் பனிக்கட்டியை நிரப்பினால் மூன்று மணிநேரத்தில் நன்றாக இறுகிவிடும். உப்புத் தண்ணீர் ஒரு துளிகூட உள்ளே போகாதபடி மூடியின் விளிம்பைப் பொலித்தீன் தாளால் சுற்றிக் கட்டுங்கள்.

பிஸ்கற் ஊறிச் சொதசொதத்துவிட்டது

இளகிய ஐஸ்கிறீமை நேரே பிஸ்கற்றின்மேல் அள்ளி வைப்பதால்தான் இது பெரும்பாலும் வருகிறது. ஐஸ்கிறீமைத் தட்டிலேயே முழுவதும் இறுகவிட்டு, பிஸ்கற்றின் அளவுள்ள கோப்பையால் வட்டமாக வெட்டி எடுத்து, அரை மணிநேரம் பிறீசரில் குளிர்ந்த பிஸ்கற்றுகளுக்கு நடுவே வைத்தால் ஈரம் ஏறுவது பெரிதும் குறைகிறது. நாலைந்து நாள் வைத்திருக்க வேண்டுமென்றால் பிஸ்கற்றின் உட்பக்கத்தில் உருக்கிய சொக்லேற்றை மெல்லிதாகப் பூசி உறையவிடுங்கள். கொழுப்புப் படலம் ஈரத்தைத் தடுக்கும். நூறு கிராம் சொக்லேற்றுக்கு ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் சேர்த்தால் பூச்சு மெல்லிதாகப் பரவும், கடிக்கும்போது ஓடுபோல உடைந்து சிதறவும் மாட்டாது.

பிஸ்கற் கல்லாகிறது, கடித்தால் நடு பிதுங்கி மடியில் விழுகிறது

இது முந்தியதற்கு நேர் எதிரான குறி. மாரி பிஸ்கற் போன்ற உலர்ந்த பிஸ்கற்றுகள் முதல் நாளில் கல்லாகவே இருக்கும். ஐஸ்கிறீமிலிருந்து சிறிதளவு ஈரம் ஏறிய பிறகுதான் பல்லுக்கு இசையும். ஆகவே பூச்சில்லாத பிஸ்கற் என்றால், செய்த அன்றே கொடுக்காமல், எண்ணெய்த்தாளில் சுற்றி ஒரு நாள் வைத்துக் கொடுங்கள். பரிமாறுவதற்கு ஐந்து நிமிடம் முன்னதாக பிறீசரிலிருந்து எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றினால், நடுவும் பிஸ்கற்றும் ஒரே மென்மைக்கு வரும். பிதுங்குவதற்கு இன்னொரு காரணம் ஐஸ்கிறீமின் தடிப்பு. மூன்று சென்ரிமீற்றர் தடிப்பில் வைத்தால் எந்தப் பிள்ளையின் வாயும் அதை ஒரே கடியில் அறுக்காது, இரண்டு போதும்.

பிஸ்கற்றைவிட நான் பரிந்துரைப்பது பட்டர் கேக். ஒரு சென்ரிமீற்றர் தடிப்பில் நறுக்கி, இரு பக்கமும் தாச்சியில் வாட்டி ஆறவிட்டு வைத்தால், அதிலுள்ள கொழுப்பும் சீனியும் அதைக் கல்லாக விடுவதில்லை. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதைத்தான் செய்ய வேண்டும்.

பழத்துண்டுகள் மட்டும் பல்லை உடைக்கின்றன

பச்சைப் பழத்துண்டு உறைந்தால் அது பழச்சுவையுள்ள பனிக்கட்டிதான். 250 கிராம் துண்டுகளுக்கு 75 கிராம் சீனி தூவி ஓர் இரவு வைத்து, ஊறிவந்த சாற்றுடனேயே ஐந்து நிமிடம் காய்ச்சி ஆறவிட்டுச் சேருங்கள். துண்டு சுண்டுவிரல் நகத்தளவைத் தாண்டக்கூடாது. பலாச்சுளைக்கு நார்வாக்கில் நறுக்காமல் குறுக்காக நறுக்க வேண்டும்.

பால் திரிந்துவிட்டது, அல்லது மறுநாள் கசக்கிறது

இவை இரண்டும் வேறு வேறு பிழைகள். சூடான பாலில் புளிப்பான பழத்தைச் சேர்த்தால் பால் உடனே திரியும். தேசிக்காய்ச் சாறு, நாவற்பழம், புளிப்பு மாங்காய் எதுவானாலும், பாலும் பழமும் இரண்டும் நன்றாகக் குளிர்ந்த பின்னரே, பழத்தைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். கோன்பிளவர் மா சேர்த்துக் காய்ச்சிய பால் எளிதில் திரியாது. மெல்லிதாகத் திரிந்திருந்தால் மிக்சியில் அடித்து வடிகட்டி உறையவிடலாம்.

கசப்பின் கதை வேறு. ஒரு விடுமுறைக்காலத்தில் முப்பது சான்ட்விச் அன்னாசியில் செய்துவைத்தேன். கலக்கிய அன்று தேனாக இருந்தது, மறுநாள் பிள்ளை ஒன்று கடித்துவிட்டுத் திருப்பித் தந்தது. அத்தனையும் கசந்திருந்தது. அன்னாசியில் புரோமெலைன் என்றும் பப்பாசியில் பப்பெய்ன் என்றும் புரதத்தைச் சிதைக்கும் நொதியங்கள் இருக்கின்றன. பச்சையாகப் பாலில் சேரும்போது அவை பாலின் புரதத்தை உடைத்துக் கசப்பை உண்டாக்குகின்றன. குளிர் அவற்றின் வேலையை மெதுவாக்குமே தவிர அவற்றை அழிப்பதில்லை. கொதி வந்த பின் ஐந்து நிமிடம் காய்ச்சினால் நொதியம் செயலிழந்துவிடும், வற்றவைக்கும் வேலையும் அதோடு முடியும். கசந்த கலவைக்குத் திருத்தம் கிடையாது, சீனி கூட்டினாலும் மறையாது.

பழத்தின் சுவை தெரியவில்லை

குளிரில் நாக்குக்கு இனிப்பும் மணமும் குறைவாகவே தெரியும். ஆகவே உறையுமுன் சுவைபார்க்கும்போது கலவை விரும்பியதைவிடச் சற்றுத் தூக்கலாக இருக்க வேண்டும். சீனியைக் கூட்டினால் மேலே சொன்ன இளகும் பிழை வரும் என்பதால், முதலில் ஒரு சிட்டிகை உப்பையும், குளிர்ந்த கலவைக்கு அரைத் தேக்கரண்டி தேசிக்காய்ச் சாற்றையும் சேர்த்துப் பாருங்கள். மாம்பழச் சுவை எழும்பி நிற்கும். வற்றவைத்த கூழில் ஒரு கைப்பிடியளவு பச்சைக் கூழைக் கடைசியில் சேர்ப்பதும் மணத்தை மீட்கிறது. இது மாம்பழத்துக்கும் பாலைக்கும் மட்டும் பொருந்தும், அன்னாசிக்கும் பப்பாசிக்கும் பொருந்தாது.

மீன் மணக்கிறது

முல்லைத்தீவுக் கரையோரத்து வீடுகளில் பிறீசர் மீனுக்கென்றே இருக்கிறது, அதில் தவறில்லை. ஆனால் பாற்கொழுப்பு அருகிலுள்ள மணத்தை இழுத்துக்கொள்ளும். ஒவ்வொரு சான்ட்விச்சையும் எண்ணெய்த்தாளில் சுற்றி, பிறகு மூடி இறுகிய பெட்டியில் வைத்து, மீனை வேறு தட்டுக்கு மாற்றுங்கள். மணம் பிடித்த பின் போக்க முடியாது.

பிஸ்கற் கழன்று விழுகிறது

வெட்டிய வட்டத்தின் மேற்பரப்பு மிகவும் இறுகியிருந்தால் பிஸ்கற் ஒட்டாது. வெந்நீரில் தோய்த்துத் துடைத்த கத்தியின் தட்டைப் பக்கத்தை மேலே ஒருமுறை இழுத்துவிட்டு உடனே பிஸ்கற்றை அழுத்துங்கள்.

மின்சாரம் நின்றுபோன பிறகு உருக்குலைந்திருக்கிறது

நாம் வெளியே போயிருந்த வேளையில் மின்சாரம் நின்று திரும்பவும் வந்திருந்தால், உருகி மறுபடி உறைந்ததா என்று வெளித்தோற்றத்தில் தெரியாது. ஒரு சிறு கோப்பைத் தண்ணீரை பிறீசரில் உறையவைத்து, பனிக்கட்டியின்மேல் ஒரு நாணயத்தை வைத்து அங்கேயே விட்டுவிடுங்கள். நாணயம் மேலேயே இருந்தால் கவலையில்லை. கோப்பையின் அடிக்குப் போயிருந்தால் உள்ளே இருந்தவை எல்லாம் முற்றாக உருகியிருக்கின்றன, பாற்பொருளை அதன்பின் பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடாது. ஓரம் மட்டும் இளகி நடு இறுகியே இருந்தால் பாதுகாப்பில் பிழையில்லை, ஆனால் மறுபடி உறையும்போது படிகம் பெருத்து நெருநெருக்கும். அன்றைக்கே சாப்பிட்டு முடியுங்கள். மின்சாரம் நின்றிருக்கும்போது கதவைத் திறந்து பார்ப்பதைப் போலக் கெடுதல் வேறில்லை.

கொண்டுபோய்க் கொடுப்பதற்குள் உருகிவிடுகிறது

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்கு வந்த உறவினருக்கோ, வயலில் நிற்பவர்களுக்கோ கொண்டுபோக வேண்டுமென்றால், முதல் நாள் மாலையிலேயே சான்ட்விச்சுகளைச் சுற்றி பிறீசரின் அடித்தட்டில் ஒன்றோடொன்று முட்டாமல் வைத்து முழுவதும் இறுகவிடுங்கள். ரெஜிபோம் பெட்டியையும் திறந்தபடி ஓர் இரவு குளிர்சாதனப் பெட்டியில் வைக்க முடிந்தால் வையுங்கள். சூடான பெட்டி முதல் பத்து நிமிடத்திலேயே குளிரைக் குடித்துவிடும். அடியில் உப்புப் பனிக்கட்டியை இரட்டைப் பையில் கட்டிப் பரப்பி, மேலே ஒரு தட்டு வைத்து, அதன்மேல் சான்ட்விச்சுகளை நெருக்கி அடுக்கி, அவற்றின் மேலும் ஒரு பை பனிக்கட்டி வையுங்கள், ஏனெனில் குளிர் மேலிருந்து கீழேதான் இறங்கும். பெட்டியில் வெற்றிடம் மிஞ்சினால் பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி நிரப்புங்கள். ஈரச்சாக்கால் பெட்டியைச் சுற்றி, மோட்டார் சைக்கிளில் வெயில் படாத பக்கமாகக் கட்டுங்கள். போய்ச் சேர்ந்ததும் எல்லாவற்றையும் வெளியே எடுத்து அடுக்காமல், கேட்கும் கைக்கு ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுத்து மூடியை உடனே மூடிவிடுங்கள்.